வலையில் வரும் பாம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கடல்வாழ் உயிர்கள் பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். 'கடல் பாம்பின் வாய் மிகச் சிறியது, மனிதரைக் கடிக்க வராது, மீனவர்கள் வெறுங்கையால் எடுத்துக் கடலில் விடுவார்கள்' என்று ஒரு வரி. அப்படி வெறுங்கையை விட்டவன் என் தம்பி.

கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்து மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகப் படகுகளில் வேலை செய்கிறவன். விடியுமுன் வலையைக் கொட்டி மீன் பிரிக்கும்போது விரலில் சுருக்கென்றது. கெளுத்தி முள் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தான். வீக்கம் இல்லை, பெரிய வலியும் இல்லை. குவியலுக்கு அடியில் வலக்கடியன் என்கிற கடல் பாம்பு கிடந்ததைப் பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். நேரம் ஆக ஆக கழுத்தும் தொடையும் இறுகின, வாயைத் திறக்க முடியவில்லை, இமை சரிந்தது. கரை சேர்வதற்குள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

அந்தப் பாம்பு கெளுத்தியை முள்ளோடு விழுங்கும், ஐயா. அதற்கா வாய் சிறியது?

முதலில் கொண்டுபோன மருத்துவமனையில், பல் தடம் தெரியவில்லை, தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் கிடையாது என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். நீர்க்கோலிக்கு விஷம் இல்லை, அது சரி. வால் துடுப்பாகத் தட்டையாக இருப்பது கடல் பாம்பு, அதன் விஷம் தசையை அழிக்கும், அழிந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று வேறொரு இடத்தில் ஒரு மருத்துவர் அம்மா விளக்கி, டயாலிசிஸ் செய்து பிழைக்கவைத்தார். போன மழைக்காலத்தில் தங்கள் பத்திரிகையும் நீர்க்கோலிப் படத்தைப் போட்டுக் 'கடல் பாம்பு' என்றுதான் எழுதியது.

பாம்புக்கடி மருந்துக்குப் பேர்போன ஹாஃப்கின் நிறுவனம் 1899 முதல் பரேலில் இருக்கும் ஊர் இது. ஆனாலும் நம் நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குமானது. கடல் பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாத செய்தியா? தெரிந்தவர்கள் எழுதாவிட்டால் படகில் ஏறுகிற பையன் யாரிடம் கேட்பான்?

மீனவர் என்றால் தங்களுக்கு ராமேசுவரமும் இலங்கைக் கடற்படையும்தான். அந்தத் துயரம் பெரியதுதான், மறுக்கவில்லை. மேற்குக் கரைப் படகுகளில் கூலிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு அரைப்பத்திகூடக் கிடைப்பதில்லை. விநாயகர் சதுர்த்திக்கும் தாராவியை இடிக்கும் செய்திக்கும் மட்டும் மும்பைத் தமிழர் நினைவுக்கு வருகிறோம். பாம்பு கடித்தது தன் படகில்தான் என்று எழுதித்தர முதலாளி மறுத்தபோது தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். வெளிவரவில்லை. அந்த வாரம் வஞ்சிர மீன் வறுவலுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அன்று நான் பட்ட வேதனையை எழுதத் தெரியவில்லை.

ஜூன், ஜூலை தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குமுன் அந்த ஒரு வரியைத் திருத்தி, கீழ்க்கண்டதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், போதும்:

மீன் பிரிக்கும்போது தடித்த கையுறையும் ரப்பர் பூட்ஸும் போடவும். குவியலைக் கையால் கிளறாமல் முதலில் கம்பியால் பரப்பவும். பாம்பு செத்ததுபோல் கிடந்தாலும் தொடாமல் நீளக் கொக்கியால் தூக்கிக் கடலில் விடவும். கடி என்று சந்தேகம் வந்தாலே, வலி வரும்வரை காத்திராமல், படகைக் கரைக்குத் திருப்பவும். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைக் கூப்பிடவும். கடிவாயைக் கீறுவதோ உறிஞ்சுவதோ கயிற்றால் இறுக்குவதோ கூடாது. கடிபட்டவரைப் படுக்கவைத்து, கையோ காலோ அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்டவும். டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்கே போகவும். 'கடல் பாம்பு' என்று வாயிலிலேயே சொல்லவும்.

இடம் போதாதென்றால் என் புலம்பலை வெட்டிவிடுங்கள். மேலே உள்ள பத்தியை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
சயான் கோலிவாடா, மும்பை