கட்டணம் ஏறிய பிறகு வரும் கோபம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஊர் நிர்வாகத்தில் அக்கறை இல்லை என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. அக்கறை நிறையவே இருக்கிறது, ஆனால் பிந்தி வருகிறது. பேருந்துக் கட்டணம் ஏறிய மறுநாள் எல்லோரும் கொதிக்கிறார்கள். அதற்கான காரணமோ பல மாதங்களுக்கு முன்பே வரைவு பட்ஜெட்டில் ஓர் எண்ணாக இருந்திருக்கும். ஆட்சேபணைக்கான கெடு முடிவதற்குள் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதத்துக்கு இருக்கும் பலம், எல்லாம் நிறைவேறிய பின் நடத்தும் ஊர்வலத்துக்கு இருப்பதில்லை.

இளைஞர்களில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள். சொத்து வரி வீட்டுக்காரர் பாடு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வரி உயர்வில் ஒரு பங்கு நாளாவட்டத்தில் வாடகையில் ஏறக்கூடும். அந்த வரியில் எரியும் தெருவிளக்கும் போடப்படும் நடைபாதையும் குடியிருப்பவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் வரி அறிவிப்பு வீட்டுக்காரர் பெயருக்கே போவதால், வாடகைக்காரர் தானாகத் தேடிப் படித்தால்தான் உண்டு.

பட்ஜெட்டைத் திறந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். மூலதனச் செலவு எவ்வளவு, நடப்புச் செலவு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பேருந்து வாங்குவது முதல் வகை. டிரைவர் சம்பளம், எரிபொருள், டயர், பழுதுபார்ப்பு ஆகியவை இரண்டாம் வகை. வாங்குவதற்கு ஒருமுறை மானியம் கிடைத்துவிடும். ஓட்டுவதற்கு ஆண்டுதோறும் வருமானம் வராவிட்டால் புது வண்டியும் பணிமனையில்தான் நிற்கும். ஆகவே புதிய பேருந்துகள் வருகின்றன என்ற அறிவிப்பைக் கண்டதும், அவற்றில் எத்தனை கூடுதல், எத்தனை பழைய வண்டிக்கு மாற்று, ஓட்டும் செலவு எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

‘அடிக்கடி பேருந்து வேண்டும்’ என்பதையும் கணக்காகச் சொல்ல முடியும். ஒரு தடத்தில் போய்த் திரும்ப, முனையத்தில் நிற்கும் நேரமும் சேர்த்து, 60 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒன்று விட 2 பேருந்து போதும். 10 நிமிடத்துக்கு ஒன்று விட 6 வேண்டும். நெரிசலால் அதே சுற்று 70 நிமிடமாகிவிட்டால் அந்த இடைவெளியைக் காப்பாற்றவே 7 தேவை. ஏழாவது வண்டியால் பயணிக்கு எந்த லாபமும் இல்லை. அது நெரிசலுக்குக் கட்டும் தண்டம். பேருந்துக்குத் தனித்தடம் விட்டு அந்த 10 நிமிடத்தை மீட்டால், ஒரு வண்டியும் அதன் ஊழியர்களும் வேறு தடத்துக்குக் கிடைப்பார்கள். தனித்தடம் கார்காரர்களுக்கு எதிரானது என்று விவாதம் திசைமாறும்போது இந்தக் கணக்கைத்தான் முன்வைக்க வேண்டும்.

மக்களிடம் பணம் கேட்பதிலும் முன்பின் வரிசை உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நெரிசல் கட்டணம் (நெரிசலைக் குறைக்க, நகருக்குள் வகுத்த ஓர் எல்லையைக் கடக்கும் வாகனங்களிடம் வாங்கும் தொகை) 2005 பிப்ரவரியில், திட்டமாக இருந்த நிலையிலேயே, வாக்கெடுப்புக்கு வந்தது; 74 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணத்தைச் சோதனையாக வசூலித்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் சிறு பெரும்பான்மையில் ஆதரித்தார்கள், 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. சுற்றுவட்ட நகராட்சிகள் பலவற்றில் எதிர்ப்பே மிகுந்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே இருப்பவரிடமும் பணம் வாங்கும் திட்டத்தில், அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மனுக்கள் வீணாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் தொகுப்பவர் அதை ஒரே கருத்தாகச் சுருக்கிவிடுவார். அதைவிட, ஐந்து வேலைநாள் காலை 8 முதல் 9 வரை ஒரு நிறுத்தத்தில் நின்று, எந்தத் தட வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று குறித்துக் கொடுக்கும் தாள் பயன்படும். இரண்டாவது, தவறான அலுவலகம். சாலை ஒரு துறையிடமும், பேருந்து இன்னொன்றிடமும், சிக்னல் காவல்துறையிடமும் இருக்கலாம். யாரிடம் எது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கையை வையுங்கள். அதற்கான தொகை எந்தத் தலைப்பிலிருந்து வரலாம் என்பதையும் சொன்னால் ‘நிதி இல்லை’ என்று ஒற்றை வரியில் பதில் எழுதுவது கடினம்.

கருத்துக்கேட்புக் கூட்டங்கள் வேலை நேரத்தில் நடப்பது உண்மையான தடைதான். மாலைக் கூட்டம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதுவரை நான்கைந்து பேர் முறை வைத்துக்கொண்டு போகலாம்.

பட்ஜெட் நிறைவேறியதும் பலர் கலைந்துவிடுகிறார்கள். நடைபாதைக்கு ஒதுக்கிய பணம் ஆண்டின் நடுவில் வேறு தலைப்புக்கு மாறுவது திருத்திய மதிப்பீட்டில்தான், அதாவது ஆண்டின் இடையே மாற்றி எழுதும் பட்ஜெட் கணக்கில்தான், தெரியவரும். ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று அப்போதே எழுதிக் கேட்டால், அடுத்த ஆண்டு வரைவு தயாராகும் மேசைக்கு அந்தக் கடிதம் நேரத்தோடு போய்ச் சேரும்.

இப்படிக்கு,
உள்ளாட்சி நிதி, போக்குவரத்துத் திட்டமிடல் துறைகளில் பணிபுரியும் வாசகர்கள்