எழுந்து நிற்பதையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் நலக் கண்காணிப்பு என்றாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, எத்தனை நோய்கள் என்ற கணக்குதான் முன்னால் நிற்கிறது. அவை வேண்டும்தான். ஆனால், அந்த எண்கள் எல்லாம் சரியாக இருந்த மாதங்களில்தான் என் அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்து, இரண்டு முறை முயன்று எழத் தொடங்கினார். எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் அது பதிவாகவில்லை.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால், தசை வலு குறைந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். நடை வேகம் விநாடிக்கு 0.8 மீட்டரோ அதற்கும் குறைவோ என்றாலும் கவனம் தேவை. இதற்கு ஒரு கடிகாரமும் நாலு மீட்டர் இடமும் போதும். ஆரோக்கியமான முதுமை என்பது செயல்படும் திறனைப் பொறுத்தது என உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. நினைவாற்றல், பார்வை, செவி, ஊட்டம், மனநிலை ஆகியவையும் இதில் சேரும்.

அப்புறம், இந்தக் கண்காணிப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தால் முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் விடுபடுவார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டும், 80 வயதைக் கடந்தவர்களின் கணக்கைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்