கோலார் தங்கவயலின் சுரங்க வரைபடங்களையும் ஷாஃப்ட் (செங்குத்துச் சுரங்கக் குழி) கோபுரத்தையும் காப்பாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினர்,
கோலார் தங்கவயல்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் (டெப்டி கமிஷனர்) அவர்கள்,
கோலார் மாவட்டம், கர்நாடகம்.

பொருள்: கழிவு மேடுகளில் வேலை தொடங்கும் முன்பே சுரங்க வரைபடங்களையும் பழைய கட்டுமானங்களையும் பாதுகாத்து, ஊர் வரலாற்றுக் கூடம் அமைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் இதைத் தமிழில் எழுதியிருக்கிறோம். கன்னட மொழிபெயர்ப்பும் உடன் உள்ளது.

2001 பிப்ரவரி 28-இல் இங்கே தங்கம் எடுத்து வந்த மத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. இப்போது, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் குவிந்த 13 கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு மாநில அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான், அதை எதிர்த்து இந்த மனு எழுதவில்லை. ஆனால் இயந்திரங்கள் வந்து இறங்கினால் முதலில் காணாமல் போவது பழைய இரும்பும் பழைய காகிதமும்தான். அதற்கு முன்னால் தாங்கள் தலையிட வேண்டும்.

இந்த ஊர் தொடங்கியதே ஒரு மனுவில்தான். மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதை 1802-இல் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பார்த்து எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, பெங்களூரு கன்டோன்மென்டில் குடியிருந்த லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் 1873-இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். தங்கம் கிடைக்கும் என்று அதிகாரிகள் நம்பவில்லை; வேண்டுமானால் நிலக்கரி தேடிப் பாருங்கள் என்றார்களாம். மனிதர் விடவில்லை, 1875-இல் தங்கத்துக்கே உரிமம் வாங்கிவிட்டார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு சுரங்கம் உண்மையாகவே ஆழம் போனது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பூமிக்கடியில் ஓடிய, தங்கம் கலந்த ஒரு வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) ரேகையைப் பின்தொடர்ந்ததுதான். கோலார் பாறைப் பட்டை வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலமோ சில கிலோமீட்டர். ஊரும் அதே வாக்கில் நீண்டது. வடக்கே நந்திதுர்க், நடுவில் ஊரிகம், சாம்பியன் ரீஃப், தெற்கே மைசூர் சுரங்கம். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894-இல் போட்ட ரயில் பாதையில் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று வரும் நிலையப் பெயர்களும் சுரங்கத்தின் பெயர்களே. வெளியூரில் இருந்து வருபவர்களுக்கு ஊரின் நடுப்பகுதி எது என்று புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். சுரங்கத்துக்கு ஒன்றாக வரிசை வரிசையாய் லைன் வீடுகள், ஒரு கோயில், ஒரு மாதா கோவில். ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் கடைத்தெருவாக வளர்ந்தவை.

1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு தெருக்களில் விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டு முன்னதாகவே! தண்ணீர் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. இவ்வளவும் தங்கத்துக்காகச் செய்தவை, தொழிலாளிக்காக அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்த எங்கள் பாட்டன்மாரில் பெரும்பாலோர் ஆதி திராவிடர்கள். தட்டி வீடுகளில் தங்கினார்கள், பாறைத்தூசியைச் சுவாசித்து சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயில் இறந்தார்கள். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இலும், பிறகு 1946-இலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946-இல் துப்பாக்கிச் சூடும் நடந்தது. இதையெல்லாம் எழுதி வைத்த பலகை ஒன்று கூட ஊருக்கு வருபவர் கண்ணில் படுகிற இடத்தில் இல்லை. கே.ஜி.எஃப் (கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்) என்றதும் வெளியூரார் சினிமாவைக் கேட்கிறார்கள். நாங்களும் சிரித்துவிட்டுப் போகிறோம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம். கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிப்பதற்கு எத்தனையோ பேர் பலியானார்கள். அதே சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே 1965-இல் டாடா ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பதிவு செய்தன. உலகிலேயே முதன்முதலாகக் கண்டவற்றில் அதுவும் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நாங்கள் வாய்மொழியாகச் சொன்னால் நம்புவதில்லை.

120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் போனது. மிஞ்சியது சயனைட் கலந்த கழிவு மேடுகளும், தண்ணீர் நிரம்பிய ஷாஃப்ட்களும். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மேட்டுத் தூசி வீட்டுக்குள் வருகிறது. ஆனால் தரைக்கு மேலே தெரியும் மேட்டைவிட, தரைக்குக் கீழே தெரியாத வெற்றிடம்தான் எங்களுக்குப் பெரிய கவலை. எந்தத் தெருவுக்கு அடியில் எந்த மட்டத்தில் குடைந்திருக்கிறது, எந்த ஷாஃப்ட் மூடப்பட்டது, எது வெறும் பலகை போட்டு மறைக்கப்பட்டது என்பதெல்லாம் சுரங்க வரைபடங்களில்தான் இருக்கிறது. அவை எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. கரையான் அரித்துவிட்டால் இந்த நிலத்தின் புவியியலே போய்விடும். நாளைக்கு வீடு கட்ட, சாலை போட, தொழிற்பேட்டை அமைக்க யார் வந்தாலும் குருட்டாம்போக்கில்தான் தோண்ட வேண்டியிருக்கும்.

ஆகவே, முதல் வேலையாக அந்த வரைபடங்கள் எங்கிருந்தாலும் திரட்டி, ஸ்கேன் செய்து, ஒரு படியைத் தங்கள் அலுவலகத்திலும் ஒரு படியை நகராட்சியிலும் வைக்க உத்தரவிட வேண்டும். நிலம் மத்திய அரசின் பொறுப்பில் இருப்பதால், மத்திய சுரங்க அமைச்சகத்துக்குத் தாங்களே எழுதினால்தான் காரியம் நடக்கும். நாங்கள் எழுதினால் பதில் வராது.

அப்புறம், சாம்பியன் ரீஃபில் இன்னும் நிற்கும் ஷாஃப்ட் கோபுரங்களில் ஒன்றையாவது ஆட்களை ஏற்றி இறக்கிய அதன் வைண்டிங் இயந்திரத்தோடு சேர்த்து, ஏலத்தில் போகாதபடி நிறுத்தி வைக்க வேண்டும். பக்கத்திலேயே காலியாகக் கிடக்கும் கம்பெனிக் கட்டடம் ஒன்றில் வரலாற்றுக் கூடம் அமைக்கலாம். புதுக் கட்டடம் கேட்கவில்லை. சுரங்க விளக்கு, தலைக்கவசம், சம்பளச் சீட்டு, பழைய புகைப்படம் என்று வீடுவீடாக இருக்கிறது. கொடுக்க நாங்கள் தயார். கீழே இறங்கி வேலை பார்த்தவர்கள் வயதாகிப் போகிறார்கள், அவர்கள் பேச்சைப் பதிவு செய்யக் கல்லூரி மாணவர்களை அனுப்பினாலும் போதும். பலகைகள் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும்.

கழிவு மேடுகளுக்கான ஒப்பந்தத்தில் மேற்படி பாதுகாப்பை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லவும் வேண்டுகிறோம். தாங்கள் தங்கவயலுக்கு நேரில் வரும் நாளைத் தெரிவித்தால், ஷாஃப்ட் வாயில்களை அடையாளம் காட்ட முன்னாள் தொழிலாளர்கள் உடன் வருவார்கள்.

இப்படிக்கு,
கீழே கையெழுத்திட்டுள்ள முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும்.

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், கன்னட மொழிபெயர்ப்பு, வீடுகளில் உள்ள பழைய பொருட்களின் பட்டியல்.