பெருக்கமரம் பார்க்கப் போகிறோம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வரும் வெள்ளிக்கிழமை தரம் 8 மாணவர்களை மன்னார் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்குக் கூட்டிப்போகிறோம். அதற்கு முன் மரத்தின் தாவரவியல் பெயரைப் பாடமாக்கி வரும்படி விஞ்ஞான ஆசிரியர் சொல்லியிருந்தார். "பக்கத்தில் நிற்கிற மரத்துக்கு லத்தீன் பெயர் எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

நமக்கு இது பெருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் இராமநாதபுரத்தில் பொந்தன்புளி. இதன் தாயகம் ஆபிரிக்கா. மன்னாருக்கு அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வது வழக்கம். செனகலில் வொலொப் மொழி பேசுவோர் இதைக் குய் என்கிறார்கள். அடன்சோனியா டிஜிடாட்டா என்று எழுதிவிட்டால் எந்த ஊர்க்காரருக்கும் சந்தேகம் வராது.

இந்தப் பெயர் வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மிஷேல் அதான்சன் என்ற பிரெஞ்சு இளைஞர் 1749 இல் செனகலுக்குப் போய், அங்கே சில ஆண்டுகள் தங்கி இந்த மரத்தை ஆராய்ந்தார். அவர் நினைவாக சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1759 இல் இதற்கு அடன்சோனியா என்று பேரினப் பெயர், அதாவது நெருங்கிய இனங்களுக்கான பொதுப்பெயர், வைத்தார். கைவிரல்கள் போல 5 முதல் 7 சிற்றிலைகள் விரிவதால் டிஜிடாட்டா. வேடிக்கை என்னவென்றால், அதான்சனுக்கே இந்தப் பெயரில் விருப்பமில்லை. 1763 இல் வெளியிட்ட நூலிலும் பாவோபாப் என்ற பழைய பெயரையே எழுதினார். பெயர் வைப்பதில் லின்னேயஸோடு அவர் ஒத்துப்போனதே இல்லை, சரியான பிடிவாதக்காரர்.

இந்தப் பேரினத்தில் 8 இனங்கள் உண்டு. 6 மடகாஸ்கரிலும் 1 அவுஸ்திரேலியாவிலும் மட்டுமே இயற்கையாக வளர்கின்றன. நம்முடையது ஆபிரிக்கப் பெருநிலத்துக்குரியது.

மாணவர்கள் ஓர் இலையை வரைந்து, சிற்றிலைகளை எண்ணிக் குறிக்க வேண்டும். கீழே விழுந்த இலை போதும், கிளையை ஒடிக்க வேண்டாம். இளங்கன்றுகளில் இலை பிரியாமல் ஒன்றாகவே இருக்கும். அதைப் பார்த்து வேறு மரம் என்று எழுதிவிடக்கூடாது.

அப்புறம் ஒரு கண்டிப்பான விஷயம். செனகல் கரையோரத் தீவொன்றில் ஐரோப்பிய மாலுமிகள் 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் மரத்தில் செதுக்கிய தங்கள் பெயர்களை அதான்சன் பார்த்தார். அவற்றை வைத்து மரங்களின் வயதைக் கணக்கிட்டு, 5000 ஆண்டுக்கு மேலும் இருக்கலாம் என்றார். கதிரியக்கக் கரிம ஆய்வில் தெரியவந்த மிக மூத்த மரத்துக்கோ ஏறக்குறைய 2500 வயதுதான். மாலுமிகள் செதுக்கினார்கள் என்பதற்காக நம் பிள்ளைகளும் பட்டையில் பெயர் செதுக்கப் பார்க்கக்கூடாது. கவராயம், பிளேட் எதுவும் பையில் வேண்டாம். ஆசிரியர்கள் பையைச் சோதிப்பார்கள்.

தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். சம்மதப் படிவத்தைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்