மர அம்பு எதற்கு என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்தி பிறந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே!

கார்பன் அம்பு கிடைக்கும்போது மர அம்பு எதற்கு என்று கேட்டிருந்தாய். நான் எய்வது லாங்போ என்ற பழைய பாணி நீள வில்லில். அந்தப் பிரிவில் போட்டிக்குப் போனால் மர அம்பும் நிஜ இறகும்தான் செல்லும். விதி இல்லாவிட்டாலும் நான் மாறியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் ஓரிகான் கரையோரம் வளரும் போர்ட் ஓர்ஃபர்ட் சிடார் மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், இஞ்சி நறுக்கின மாதிரி அறையெல்லாம் மணக்கும். வான்கோழி இறகு மூன்றை ஒட்டி முடிக்கும்போது அந்த அம்பை எனக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.

தொல்லையும் உண்டு. நாணை விட்டதும் அம்பு வில்லை ஒட்டி வளைந்துதான் வெளியேறும், பிறகுதான் நிமிரும். எவ்வளவு வளையும் என்கிற அந்த விறைப்பை ஸ்பைன் என்பார்கள். 26 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கவைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு வளைகிறது என்று அளப்பது. வில்லின் வலுவுக்கு அது பொருந்தியாக வேண்டும். மரமோ ஒன்று போல் இன்னொன்று இருக்காது. கடைசியாக வாங்கிய டஜனை ஒரே ஸ்பைன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதில் நான்கு அம்புகளுக்கு விறைப்பு அதிகம், எப்படி எய்தாலும் இடப்பக்கமே போயின. ஈரம் பட்டால் வளைவதும் உண்டு. அடுப்புச் சூட்டில் காட்டி உள்ளங்கையால் அழுத்தி நிமிர்த்துவேன்.

டிசம்பரில் ஓர் அம்பு இலக்கின் மரச்சட்டத்தில் பட்டது. பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லை. காதருகே வைத்து லேசாக வளைத்தேன், 'டிக்' என்றது. நார் சாய்வாக ஓடிய இடத்தில் மயிரிழை வெடிப்பு. அதை நாணில் ஏற்றி இழுத்திருந்தால் என் இடது கையில் பாய்ந்திருக்கும். அப்புறம் ஒவ்வோர் அம்பையும் வளைத்துப் பார்க்காமல் எய்வதில்லை. கார்பன் அம்புக்கும் அந்தச் சோதனை வேண்டும், நீயும் விடாதே.

சரி, இங்கே இங்கிலாந்துக்கு வந்தால் போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரத்துக்குப் போகலாம். அங்கே காட்சிக்கு இருக்கும், 1545இல் மூழ்கி, 1982இல் தூக்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலில் சுமார் 3,500 அம்புகள் கிடைத்தன. பெரும்பாலும் பாப்லர் மரம். நான்கு நூற்றாண்டு சேற்றில் கிடந்த தண்டுகளை உன்னோடு நின்று பார்க்க ஆசை.

பேத்தியின் பெயரை எழுது.

உன்,
கணேசன்