தகன மேடையில் சாம்பல் கலவாதிருக்க: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

வணக்கம். சென்ற மாசி மாதம் காலமான என் தந்தையாரை நம் ஊர் எரிவாயு தகன மேடையில் எரியூட்டினோம். ஒன்றேகால் மணி நேரத்தில் அஸ்திக் கலயம் எங்கள் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை பவானி கூடுதுறையில் கலயத்தின் வாய்த்துணியை அவிழ்த்து, பால் தெளிப்பதற்காக எலும்புகளை வாழையிலையில் எடுத்து வைத்தபோது, சாம்பலுக்குள் விரல் நீளத்தில் ஓர் எஃகுத் திருகாணி கிடந்தது. முறிந்த எலும்பைச் சேர்க்க மருத்துவர்கள் முடுக்கும் வகை அது. என் தந்தையாரோ 82 வயது வரை எலும்பு முறிந்து ஒரு நாளும் படுத்தவரல்லர்.

பணியாளர் மீது குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்று நாங்கள் நான்காவது. ஐந்தாவது சடலம் வாசலுக்கு வந்து, சங்கும் சேகண்டியும் கேட்கத் தொடங்கியிருந்தது. உடலை வைத்து உலைக்குள் தள்ள இருப்பதோ ஒரே தட்டு. அது ஆறுவதற்கும் நேரமில்லாமல், நீண்ட இரும்புக் கோலால் கைக்கு எட்டியதை வாரி அவர் கலயத்தில் இட்டார். எட்டாதது அடுத்தவர் கணக்கில் சேர்கிறது.

முன்பெல்லாம் வரட்டி அடுக்கி, வைக்கோல் மூடி, களிமண் பூசிய மூட்டத்தில் உடல் இரவெல்லாம் வேகும். விடிந்ததும் காடாற்றுக்குப் போவோம். நீரும் பாலும் இளநீரும் தெளித்துச் சூட்டைத் தணித்து, காலில் தொடங்கித் தலையில் முடியுமாறு எலும்பு பொறுக்கி, பின்பு அவற்றை ஆள் படுத்திருக்கும் வடிவில் பரப்பிப் படையலிட்டு, அதன்பின்னரே ஆற்றுக்கு எடுத்துச் செல்வது எங்கள் பக்கத்து வழக்கம். நாள்தோறும் இடும் பிண்டத்தால் இறந்தவருக்குப் பத்து நாளில் வேறோர் உடல் அமைகிறது என்றும், முதல் நாள் பிண்டத்தில் தலை உருவாகிறது என்றும் கருடபுராணம் கூறுகிறது. இதையெல்லாம் நான் எவ்வளவு நம்புகிறேன் என்பது வேறு. என் தாயார் நம்புகிறார். திருகாணியைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பழைய மூட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. விறகுச் செலவும் புகையும் ஒருபுறமிருக்க, சாதிக்கொரு சுடுகாடு என்றிருந்த ஊரில் எல்லாரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது இந்த எரிவாயுக் கூடம்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஒரே மேடை என்பதற்காக ஒரே சாம்பலாகிவிடக் கூடாது.

இரண்டாவது தட்டு ஒன்று வாங்கித் தாருங்கள். ஒன்று எரியும்போது மற்றொன்று ஆறட்டும், துடைக்கப்படட்டும். பதிவு செய்யும்போதே ஓர் உலோக வில்லையில் எண் பொறித்து, அது சடலத்தோடு உள்ளே சென்று கலயத்தோடு வெளியே வருமாறு செய்யுங்கள். இறப்புப் பதிவுக்கு நீங்கள் தரும் ரசீதிலும் அதே எண் இருக்கட்டும். மாலையில் எரியூட்டுவோர் மறுநாள் காலை வந்து காடாற்ற விரும்பினால், கலயத்தை இரவில் வைத்துப் பூட்ட ஓர் அலமாரியும், காலையில் எலும்பைப் பரப்ப ஒரு கல் திண்ணையும், தண்ணீர்க் குழாயும் போதும். கொள்ளிக்குடம் உடைக்கும் இடத்தில் பதித்திருக்கும் வழவழப்பான தரையோடுகளையும் எடுத்துவிட்டு மணல் பரப்பலாம். குடத்தோடு மூன்று சுற்று வருபவர் வெறுங்காலோடு வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் துளையிட்ட குடத்திலிருந்து நீர் பீய்ச்சுகிறது. முந்தைய குடத்தின் சில்லும் அங்கேயே கிடக்கிறது. என் தம்பிக்கு அன்று கால் வழுக்கியது. நல்லவேளையாக மாமா பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று. அந்தத் திருகாணியை நான் காவிரியில் விடவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். அன்று எங்களுக்கு முன் எரியூட்டப்பட்டவரின் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கும். அக்குடும்பத்தாருக்குத் தகவல் தெரிவித்து, அவர்கள் விரும்பினால் என்னிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் நகரவாசி ஒருவன்