கூட்டுத்தொகை மட்டும் நிலையாக இருக்கிறது

கோண்டாவில்,
மாசி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் குரல் பதிவு கிடைத்தது. முழங்கால் மாற்றி எட்டாம் நாளே தனியாகப் படி ஏறிப் பார்த்தாயாம், மச்சாள் சொல்லிச் சிரித்தா. பள்ளிக்கூட மதில் ஏறிக் குதித்த அதே புத்தி. அந்த நாளில் வாத்தியாரின் பிரம்புக்காவது பயந்தாய். இப்போது வீட்டுக்கு வரும் பிசியோதெரபிப் பிள்ளைக்கும் பயப்படுவதில்லை போல. ஆறு கிழமைக்காவது அவள் சொல்வதைக் கேள்.

சரி, நீ கேட்ட விசயம், என் சுவாசப்பைப் புற்றுநோய். "ஸ்கான் நல்லதோ கூடாதோ, ஒரு சொல்லில் சொல்லு" என்று கேட்டாய். ஒரு சொல்லில் சொல்ல முடியாததால்தான் மழுப்பினேன். மனிசியும் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடிதம் என்றால் ஆறுதலாக எழுதலாம், அவளும் எட்டிப் பார்க்க மாட்டாள்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். உறையைத் திறக்காமல் டொக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி மகள் பத்துத் தரம் சொல்லியிருந்தாள். நான் ரிப்போர்ட்டை வாங்கின கையோடு, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சைக்கிளை விட்டுவிட்டு, சுப்பிரமணியம் பூங்கா வாங்கில் இருந்து கிழித்துவிட்டேன். நாற்பது வருசம் சேவயராக இருந்து காணிப் படம் வாசித்தவனுக்கு இரண்டு பக்கம் வாசிக்கத் தெரியாதா என்ற திமிர். முதல் பந்தியில், வலது சுவாசப்பைக் கட்டி 42 மில்லிமீற்றரிலிருந்து 28க்கு இறங்கியிருந்தது. நெஞ்சுக்குள் இருந்த நிணநீர்க் கணு 19இலிருந்து 12க்கு. அந்த இடத்திலேயே கச்சான்காரியிடம் பத்துச் சுருள் வாங்கிப் போகிற வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் போல இருந்தது. அடுத்த பந்தி ஈரல். 11 ஆக இருந்தது 16 ஆகியிருந்தது.

அதோடு முதல் பந்தி எங்கே போனதென்று தெரியாது. வீடு வரும்வரைக்கும் 16, 16 என்று மிதித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நடந்தது அதைவிடப் பகிடி. மனிசி சுவாசப்பையைப் பிடித்துக்கொண்டாள். "சிறுத்திட்டுதாம், நல்லூரான் கண் திறந்திட்டார்" என்று கொழும்பு, லண்டன், பரிஸ் எல்லா இடத்துக்கும் அறிவித்தாள். மகன் லண்டனில் இருந்து ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு ஈரலைப் பிடித்துக்கொண்டான். மருந்து மாற்ற வேண்டும், வேறு டொக்டரைக் கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மகள் இரண்டையும் விட்டுவிட்டு, "அப்பா, ஏன் உறையைத் திறந்தனீங்கள்?" என்பதிலேயே நின்றாள். ஒரே ரிப்போர்ட்டில் ஆளுக்கொரு வரியை எடுத்துக்கொண்டு, மற்றவனுக்கு அந்த வரி ஏன் தெரியவில்லை என்று கோபப்பட்டார்கள். நோய் வந்த நாளில்கூட இப்படிப் பிரிந்ததில்லை. அன்று எல்லாரும் சேர்ந்து அழுதோம். கலப்பான முடிவுக்குச் சேர்ந்து அழவும் முடியாது, சேர்ந்து சிரிக்கவும் முடியாது.

டொக்டர் என்ன சொன்னார் தெரியுமா? மூன்று கட்டியையும் கூட்டினார். முதலில் 42, 19, 11, மொத்தம் 72. இப்போது 28, 12, 16, மொத்தம் 56. குறைவு 22 வீதம். 30 வீதமாவது குறைந்தால்தான் சிறுத்தது என்று எழுதுவார்களாம். ஆகக் குறைந்திருந்த அளவிலிருந்து 20 வீதம் கூடினால் அல்லது புதிதாக ஒன்று முளைத்தால் வளர்ந்தது என்று எழுதுவார்களாம். இடையில் நின்றால் "நோய் நிலையாக உள்ளது". எனக்கும் அப்படித்தான் எழுதினார். மச்சான், என் உடம்புக்குள் ஒன்றுகூட நிலையாக இல்லை. இரண்டு சுருங்குது, ஒன்று வளருது. கூட்டுத்தொகை மட்டும் நிலையாக இருக்கிறது! வடக்கு வேலியைப் பக்கத்து வீட்டான் அரை அடி உள்ளே தள்ளிப் போட்டு, தெற்கு வேலியில் மற்றவன் ஒரு அடி விட்டுக்கொடுத்தால், காணி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று நான் படத்தில் எழுதியிருப்பேனா? இரண்டு வேலியிலும் போய் நின்று பார்த்திருப்பேன். அதைச் சொன்னதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். தானும் கூட்டுத்தொகையைப் பார்த்து மருந்து கொடுப்பதில்லையாம், அது எல்லா நாட்டு டொக்டர்மாரும் ஒரே பாசை கதைப்பதற்கான கணக்காம்.

இந்த மருந்தைப் பற்றி உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இதன் வகைக்கு "செக்பொயின்ற் இன்ஹிபிற்றர்" என்று பெயர். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு முகமாலையிலும் ஓமந்தையிலும் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்ற எனக்குச் செக்பொயின்ற் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்! ஆனால் கதை அதேதான். உடம்பின் காவற்காரர் ரி கலங்கள். அவற்றின் மேல் பிடி-1 என்று ஒன்று இருக்கிறது. புற்றுக் கலம் பிடி-எல்1 என்ற அட்டையை அதற்கு நீட்டும். எங்கள் ஆள்தான் போ என்று காவற்காரன் விட்டுவிடுவான். என் கட்டியில் பாதிக்கு மேற்பட்ட கலங்கள் அந்த அட்டையோடு திரிந்தன. அதனால்தான் கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் தொடங்கினார்கள். மருந்து போய்ப் பிடி-1இன் மேல் இருந்துகொள்ளும், அட்டை செல்லாது. பிடி-1ஐக் கண்டுபிடித்தவர் தசுக்கு ஹொஞ்சோ என்ற ஜப்பான்காரர், 1992இல். அவருக்கும் அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆக, மருந்து கட்டியைத் தொடுவதே இல்லை. அடிப்பது என்னுடைய ஆட்கள்தான்.

அப்படியென்றால் ஈரலில் ஏன் அடிக்கவில்லை? நானும் இதைத்தான் கேட்டேன். ஒவ்வொரு இடத்துக் கட்டியும் ஒவ்வொரு குணமாம், ஒரு தாயின் பிள்ளைகள் மாதிரி. அதோடு ஈரல் ஒரு சமாதானப் பிரியராம். சாப்பாட்டோடு தினமும் வந்து சேரும் ஆயிரம் அந்நியப் பொருளோடும் சண்டை பிடித்தால் அதற்குப் பிழைப்பு நடக்காது. அதனால் காவற்காரரைச் சமாதானப்படுத்தியே பழகிவிட்டது. ஈரலில் இருக்கும் கட்டிகள் இந்த மருந்துக்கு மசிவது குறைவு என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒளிக்காமல் சொன்னது நல்லதாய்ப் போயிற்று.

மகன் இணையத்தில் படித்துவிட்டுச் சொன்ன இன்னொன்றும் உண்டு. காவற்காரர் கூட்டமாகக் கட்டிக்குள் புகுந்தால் கட்டி வீங்கி, படத்தில் வளர்ந்தது போலத் தெரியுமாம், பிறகு சுருங்குமாம். பொய் வளர்ச்சி. பழைய முறையில் கட்டி வளர்ந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்துகள் வந்த பிறகு அது சரிவராமல், 2017இல் புது விதி எழுதினார்கள்: ஆள் திடமாக இருந்தால், வளர்ந்தது என்று முடிவு கட்டமுதல் நான்கு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் திரும்பப் படமெடுத்து உறுதி செய்ய வேண்டும். மகன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். டொக்டர் அவனுடன் வீடியோவில் கதைத்தபோது, "நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் அப்படி நடக்கும் தம்பி. அந்தக் கொஞ்சப் பேருக்குள் அப்பாவைச் சேர்த்துக் கனவு காண மாட்டேன். அதேநேரம், சுவாசப்பையில் வேலை செய்கிற மருந்தை ஒரு படத்துக்காக நிறுத்தவும் மாட்டேன்" என்றார். அந்த மனிசனை எனக்குப் பிடித்துப்போன இடம் அதுதான்.

இனி என்ன செய்வார்கள் என்றால், மருந்து வழமைபோல மூன்று கிழமைக்கொருதரம். ஆறு கிழமையில் திரும்ப ஸ்கான். ஈரல் மட்டும் இன்னும் வளர்ந்திருந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கதிர்ச் சிகிச்சை கொடுத்துவிட்டு இந்த மருந்தையே தொடர்வார்கள். எல்லா இடமும் கிளம்பினால் கீமோ. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: போன தரம் எடுத்த அதே மெசினில், அதே இடத்தில் எடுக்க வேண்டும். முதல் ஸ்கான் கொழும்பில் ஒரு மெசின், இரண்டாவது இங்கே வேறு மெசின். இரண்டு அளவுச் சங்கிலி, இரண்டு ஆள் பிடித்தால் அளவு மாறும் என்று எனக்குத் தெரியாதா? ஐந்து மில்லிமீற்றரும் அப்படி வந்த பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு வாசிப்பை வைத்து நான் எந்த எல்லைக்கல்லும் நட்டதில்லை.

உடம்பு பெரிதாகக் கரைச்சல் தரவில்லை. நிறை இரண்டு கிலோ கூடியிருக்கிறது, இருமல் குறைவு. தைரொயிட் மட்டும் படுத்துவிட்டது, அதுவும் இந்த மருந்தின் வேலைதான். காலையில் வெறுவயிற்றில் ஒரு குளிசை. போன மாதம் ஒரு கூத்து. தங்கச்சி வீட்டில் ஒடியற்கூழ் காய்ச்சினார்கள். நண்டு, திருக்கை, பயற்றங்காய் எல்லாம் போட்டு. மூன்று கோப்பை குடித்தேன். இரவிரவாக வயிற்றால் போனது. கூழின் வேலை என்று பேசாமல் இருந்தேன். மகள் அறிந்து கிழித்தாள். இந்த மருந்தில் காவற்காரர் குடலையும் அடிப்பார்களாம், வயிற்றோட்டத்தையும் மூச்சு வாங்குவதையும் ஒருநாளும் சும்மா விடக் கூடாதாம். உடனே டொக்டருக்கு எடுத்தோம். இரத்தம் போகுதா, எத்தனை தரம் என்று விசாரித்து, அடுத்த நாளும் கேட்டார். கடைசியில் கூழ்தான்! ஆனாலும் அவள் ஏசியது சரிதான். அன்னமுன்னா இலை அவித்த தண்ணியோடு வந்த சொந்தக்காரருக்கும் அவள்தான் பதில் சொல்லி அனுப்பினாள்.

கொழும்புப் பயணம்தான் அலுப்பு. இரவு பஸ்ஸில் போய், வெள்ளவத்தையில் மகள் வீட்டில் முகம் கழுவி, அரை மணித்தியாலம் மருந்து ஏறுவதற்கு ஒரு முழு நாள். இரத்தப் பரிசோதனைக்குத் தெல்லிப்பழைக்குப் போகிறேன். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்து காசு சேர்த்தார்களே, அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. வரிசையில் இருக்கும்போதெல்லாம் நாளுக்கு 25 கிலோமீற்றர்படி மனதுக்குள் நடந்து பார்ப்பேன். வவுனியா தாண்டமுதல் என் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பகலில் நான் பரவாயில்லை. பின்வளவில் பனங்கிழங்கு கிண்டியாயிற்று, ஒடியல் காய்கிறது. மூன்று மணிக்கு முழிப்பு வந்தால்தான் ஈரல் ஞாபகம் வரும். வலது விலாவுக்குக் கீழ் கையை வைத்துப் பார்ப்பேன், பதினாறு மில்லிமீற்றர் கைக்குத் தட்டுப்படும் என்கிற மாதிரி. பிறகு எழும்பிக் கிணற்றடியில் போய் இருப்பேன். மனிசிக்கு இது தெரியும், தெரியாத மாதிரிக் கிடப்பாள். ஒருநாள் விடியத் தேத்தண்ணி தரும்போது, "நான் சிறுத்ததை மட்டும் சொல்லித் திரியிறது, மற்றதை நீங்கள் ஒருத்தரே சுமக்கிறீங்கள் எண்டு தெரிஞ்சுதான்" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல? தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றேன்.

நீ அனுப்பின அந்த ரொறன்ரோக்காரரின் கதையும் பார்த்தேன், இதே மருந்தில் முழுதாகச் சுகமானவர். சந்தோசம். இனி அப்படி அனுப்பாதே. சுகமாகாதவர்களின் கதையை ஒருவரும் அனுப்புவதில்லை என்ற கணக்கு எனக்கு உடனே ஓடுது. அதற்குப் பதில் உன் முழங்கால் கதையை அனுப்பு, எத்தனை பாகை மடங்குது என்று எழுது. அளவு என்றால் எனக்கு விருப்பம்.

அடுத்த ஸ்கான் பங்குனி கடைசிக் கிழமை, வியாழக்கிழமை. அன்றைக்கு ஃபோன் எடுக்காதே, வீட்டில் எல்லாரும் எடுப்பார்கள். சனிக்கிழமை எடு. உறையை இந்தத் தரம் மகள்தான் வாங்குவாள், எனக்கும் டொக்டர் சொல்லும்போதுதான் தெரியவரும். ஒடியல் காய்ந்ததும் சின்ன மருமகன் வரும்போது கொடுத்து விடுகிறேன். கூழ் காய்ச்சினால் மூன்று கோப்பை குடிக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்